கணிப்பொறி இசையாய்வும் கவிஞர்தம் குரலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்த்துறையில் இருப்பவர் கணிப்பொறி இசையைப் பற்றிப் பேச வருவானேன் என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகளை, முதற்கூட்டம் தொட்டு, ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஒலியையும் இசையையும் கணிப்பொறி கொண்டு ஆராயும் பல்கலைக்கழகக் குழுவொன்று அப்பதிவுகளைக் கேட்டு நமக்கு எழுதியிருக்கிறது. கொடுக்கலாமா, கூடாதா என்பதில் செயற்குழு இரண்டுபட்டு நிற்கிறது. எந்திரத்துக்குத் தீனி போடுவதா என்பார் ஒரு சாரார். ஆய்வுக்கு உதவாத பதிவு பெட்டிக்குள் கிடந்து என்ன பயன் என்பார் மறுசாரார். இந்தத் துறையில் இதுவரை என்ன நடந்திருக்கிறது என்று படித்துச் சொல்லும் பொறுப்பைச் செயலர் என்னிடம் ஒப்படைத்தார். அதனை நிறைவேற்றவே வந்திருக்கிறேன்.

கணிப்பொறி 1951லேயே பாட்டிசைத்தது. ஆஸ்திரேலியாவின் சிஸ்ராக் பொறியும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பொறியும் அவ்வாண்டில் தெரிந்த மெட்டுகள் சிலவற்றை ஒலித்துக் காட்டின. அவை வேடிக்கை என்ற அளவில் நின்றன. பொறி இசையமைத்தது என்று சொல்லத்தக்க முதல் முயற்சி அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. லெஜாரென் ஹில்லர் என்பார் அங்கு வேதியியலாளர், இசையும் பயின்றவர். அவரும் லியோனார்டு ஐசக்சனும் இலியாக் என்ற பொறியைக் கொண்டு நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கான இசைக்கோவை ஒன்றை 1957இல் முடித்தனர். அதற்கு 'இலியாக் சூட்' என்று பெயர். பொறி எண்களைக் கண்மூடித்தனமாக எடுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு சுரம். எடுத்த சுரம் மேலைநாட்டு இசையிலக்கணத்தின் விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தினால் வைத்துக்கொள்ளும், இல்லையேல் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும்.

நம் அவைக்கு இது புரியாத செயலன்று. வெண்பா எழுதப் பழகும் மாணவன் செய்வதும் ஏறத்தாழ இதுவேயாம். மாச்சீரில் முடிந்ததா, அடுத்து நிரையசையில் தொடங்கும் சொல்லைத் தேடுவான். விளமோ காயோ ஆயின் நேரசையைத் தேடுவான். கிடைத்த சொல் தளை தட்டினால் தள்ளுவான். ஹில்லரின் பொறிக்கும் இம்மாணவனுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். மாணவனுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தளை அதற்குக் குறுக்கே நிற்கிறது. பொறிக்குத் தளை மட்டுமே இருக்கிறது. இலியாக் கோவையைக் கேட்டால் பிழையற்றதாகவும் உயிரற்றதாகவும் தோன்றும். விதிகளை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்த பிற்பகுதியில் சற்றே விறுவிறுப்பு உண்டு. அதன் நான்கு பகுதிகளுக்கும் ஹில்லரே 'சோதனை' என்றுதான் பெயரிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

விதியைக் கொடுத்து இசை பெறும் இந்த வழியின் உச்சத்தைத் தொட்டவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் பணியாற்றிய டேவிட் கோப். ஓர் இசையமைப்பாளரின் படைப்புகளை உள்ளிட்டால் அவர் போக்கிலேயே புதிய படைப்பைத் தரும் மென்பொருளை அவர் 1980களில் உருவாக்கினார். 1997இல் ஒரேகன் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. பாக் இயற்றியது ஒன்று, கோப்பின் மென்பொருள் பாக் போக்கில் செய்தது ஒன்று, அப்பல்கலைக்கழக இசைப் பேராசிரியர் ஸ்டீவ் லார்சன் அதே போக்கில் எழுதியது ஒன்று என மூன்று உருப்படிகளைப் பியானோவில் வாசித்துக் காட்டினர். எது யாருடையது என்று அவையினரைக் கேட்டனர். பொறி செய்ததைப் பாக் செய்ததென்றும், லார்சன் எழுதியதைப் பொறி செய்ததென்றும் அவை முடிவு கட்டியது. லார்சன் மனம் வருந்தினாராம். அவையில் இருந்த கவிஞர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் காண்கிறேன். மரபுக் கவிதைப் போட்டியில் இப்படியொரு தீர்ப்பு வராது என்று உறுதி கூற நம்மில் யாருக்கும் துணிவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பாக் என்ற மனிதர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்திராவிட்டால் அந்தப் பொறி எதைப் போலச் செய்திருக்கும்?

இசையமைக்கும் பொறியைப் பற்றியே நாளிதழ்கள் எழுதுகின்றன. என் படிப்பில் என்னைப் பெரிதும் ஈர்த்தது வேறொரு கிளை. ஒலி என்பது என்ன, செவி அதை எப்படி அறிகிறது என்று கேட்ட கிளை அது. அதன் கதையைச் சற்று விரித்துச் சொல்ல இடந்தருமாறு வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் தொலைபேசிக்காக ஏற்பட்டது. அங்கே பொறியாளராக இருந்த மாக்ஸ் மாத்யூஸ் 1957இல் எண்களை ஒலியாக மாற்றும் நிரலொன்றை எழுதினார். முதலில் ஒலித்த இசைத்துணுக்கு 17 நொடிகளே நீடித்தது. 1961இல் அக்கூடத்தின் பொறி, மாத்யூஸ் அமைத்த பக்கவாத்தியத்துடன், ஓர் ஆங்கிலப் பாட்டைத் தன் 'குரலில்' பாடியது. குரலுக்கான கணக்கைச் செய்தவர்கள் ஜான் கெல்லி, கேரல் லாக்பாம் என்னும் இருவர். அவர்கள் மனிதரின் தொண்டை முதல் உதடு வரையுள்ள வழியைக் குறுக்களவு மாறிக்கொண்டே செல்லும் குழாயாகக் கொண்டனர். அக்குழாயில் காற்றின் அழுத்தம் எப்படி முன்னும் பின்னும் செல்லும் என்று கணக்கிட்டனர். தொல்காப்பியப் பிறப்பியலைப் பாடம் சொல்லும் எனக்கு இச்செய்தி வியப்பையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தந்தது. உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு உறுவதால் வெவ்வேறு எழுத்தொலிகள் பிறக்கின்றன என்பது அவ்வியலின் கருத்து. மூலம் வேறு, அதை வடிவமைக்கும் உறுப்பு வேறு என்ற பகுப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது. எல்லாம் நம்மிடம் இருந்தது என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. நம் இலக்கண ஆசிரியர் கேட்ட கேள்வியை வேறொரு காலத்தில், வேறொரு நாட்டில், வேறொரு தேவைக்காகச் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அவர்களோடு பேச நமக்கு மொழி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

மாத்யூஸ் 1963இல் தம் முயற்சியை 'சயன்ஸ்' இதழில் கட்டுரையாக வெளியிட்டார். கணிப்பொறி ஓர் இசைக்கருவியாகும், அது எழுப்பும் ஒலிக்குக் கொள்கையளவில் எல்லையில்லை என்று அதில் எழுதினார். அக்கட்டுரை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இசை பயின்றுகொண்டிருந்த ஜான் சவுனிங் என்ற இளைஞர் கைக்கு வந்தது. அவர் தாளக்கருவி வாசித்தவர். கணிப்பொறியைத் தொட்டும் பார்த்திராதவர். 1964இல் பெல் கூடத்துக்கே நேரில் சென்றார். மாத்யூஸ் தம் நிரலைத் துளையட்டைக் கட்டாக அவர் கையில் கொடுத்தனுப்பினார். விலையும் இல்லை, உரிமப் பத்திரமும் இல்லை.

ஸ்டான்போர்டுக்குத் திரும்பிய சவுனிங் 1967இல் ஒரு நாள் ஒலியை நடுங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் நீட்டும் சுரத்தில் நொடிக்கு ஐந்தாறு முறை மேலுங்கீழுமாக ஓர் அசைவு இருக்குமல்லவா? அதனைப் பொறியில் அமைத்து, வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனார். நொடிக்கு இருபது அசைவு என்ற அளவைத் தாண்டியபோது செவியால் அசைவைப் பிரித்தறிய முடியவில்லை. அசைவு மறைந்தது, ஒலியின் நிறம் மாறியது. எளிய ஊதல் போன்றிருந்த ஒலி, செழுமையான வேறொரு கருவியின் ஒலியாயிற்று. இரண்டு அதிர்வுகளின் விகிதம் முழு எண்ணாயின் குழலோ கொம்போ போன்ற ஒலி; இல்லையாயின் மணியோசை. நூற்றுக்கணக்கான கணக்குகள் போட்டுப் பெற வேண்டியதை இரண்டே அலைகளால் பெறும் வழி கிடைத்துவிட்டது.

ஆனால் அது அவ்வளவில் முற்றுப்பெறவில்லை. இயற்கைக் கருவிபோல் ஒலிக்க ஏதோ குறைந்தது. அக்குறையை நிரப்பியது இன்னொருவர் பகிர்ந்த அறிவு. பிரான்சு நாட்டு இயற்பியலாளரும் இசையமைப்பாளருமான ழான் குளோத் ரிசே, பெல் கூடத்தில் இருந்தபோது, எக்காளத்தின் ஒலியை ஆராய்ந்தார். எக்காளத்தின் மேலொலிகளை அளந்து அப்படியே பொறியில் இட்டால் எக்காளம் போல் ஒலிக்கவில்லை. ஏன்? ஒலியின் வலிமை கூடக்கூட மேலொலிகளும் மிகுகின்றன, ஒலி பளபளப்புக் கொள்கிறது. வலிமை தணியத் தணிய அவை மங்குகின்றன. அதாவது, எக்காளம் என்பது குறிப்பிட்டதோர் ஒலிக்கலவை அன்று. கலவை மாறும் முறையே எக்காளம். இதனை ரிசே கண்டறிந்து எழுதினார். அதோடு, 1969இல் தாம் உருவாக்கிய ஒலிகள் பலவற்றையும், அவற்றைச் செய்யும் நிரல்களையும், விளக்கங்களையும் தொகுத்து வெளியிட்டார். சமையற்குறிப்பை மறைக்காமல் எழுதித்தரும் மூதாட்டியின் மனம் அது. ரிசேயின் எக்காளத்தை நினைவுகூர்ந்த சவுனிங், வலிமையோடு நடுக்கத்தின் ஆழத்தையும் சேர்த்து ஏறியிறங்கச் செய்தார். 1971இல் பித்தளைக் கருவிகளின் ஒலி அவர் பொறியில் பிறந்தது. 1973இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார்.

பின்னர் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் சவுனிங்குக்கு நிலையான பணியைத் தர ஸ்டான்போர்டு மறுத்தது. கண்டுபிடிப்பையோ பல்கலைக்கழகம் தன் பெயரில் காப்புரிமையாக்க முனைந்தது. அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் அதன் அருமையை உணரவில்லை; ஜப்பானின் யமாகா உணர்ந்து உரிமம் பெற்றது. 1975இல் சவுனிங் அழைத்துக்கொள்ளப்பட்டு, கார்மா என்று சுருக்கிச் சொல்லப்படும் கணிப்பொறி இசையாய்வு நடுவத்தின் தலைமையில் அமர்ந்தார். நம் காதுக்கு அது வினைப்பயன் என்றே ஒலிக்கும்! 1983இல் யமாகாவின் டிஎக்ஸ் 7 கருவி வந்தது. 1980களின் திரையிசையையும் மெல்லிசையையும் அந்த ஒலி நிறைத்தது. காப்புரிமை முடிவதற்குள் ஸ்டான்போர்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. கட்டுரை எல்லார்க்கும் திறந்திருந்தது, கருவி செய்யும் உரிமை ஒருவர்க்கு விற்கப்பட்டது. பகிர்தலும் விற்றலும் ஒரே கண்டுபிடிப்பில் அருகருகே இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. நம் வட்டம் எடுக்கப்போகும் முடிவுக்கு இது தொடர்புடையது, பின்னர் வருகிறேன்.

சவுனிங் செய்தவற்றுள் கவிஞர்கள் அறிய வேண்டியது டிஎக்ஸ் 7 அன்று. பாரிசிலுள்ள இர்காம் ஆய்வகத்தில் இருந்தபோது அவர் மனிதக் குரலைப் பொறியில் உருவாக்க முனைந்தார். பெண்குரலின் அடிப்படை ஒலியை முதலில் ஒலித்தார், வெறும் ஊதல். அதன்மேல் பெண்குரலுக்குரிய மேலொலிகளை உரிய அளவில் சேர்த்தார். அப்போதும் குரலாகவில்லை, பல ஊதல்களின் கூட்டமாகவே கேட்டது. பின்பு எல்லா மேலொலிகளும் ஒன்றாக, இலேசாக, சிறிது ஒழுங்கு தவறி நடுங்குமாறு செய்தார். அந்தக் கணத்தில் ஒரு பெண் பாடினாள். கூட்டம் கலைந்து ஓர் உயிராயிற்று. மிக ஒழுங்கான நடுக்கமும் போதவில்லை. சற்றே பிசகுதல் வேண்டியிருந்தது. 1981இல் முடித்த 'போனே' என்ற அவர் படைப்பில் மணியோசைகள் இப்படித்தான் கண்முன்னே, அல்ல, காதுமுன்னே குரல்களாகின்றன. ஒன்றாக நடுங்குவனவற்றை ஓருயிர் என்று செவி கொள்ளும் என்ற அறிவியல் உண்மையை நான் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

இந்தக் கார்மா நடுவத்தில் 1989இல் முனைவர் பட்டம் பெற்றவர் சேவியர் செர்ரா. சொந்த ஊரான பார்சிலோனாவுக்குத் திரும்பி, பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில்நுட்பக் குழுவை அமைத்தார். அக்குழுவினரே 2005இல் தம் நகரில் நடந்த பன்னாட்டுக் கணிப்பொறி இசை மாநாட்டை ஒட்டி, உலகில் எவரும் ஒலிகளைப் பதிந்து வைக்கவும் எடுத்துக்கொள்ளவும் கூடிய பொதுத் தொகுப்பொன்றைத் தொடங்கினர். யமாகாவுடன் சேர்ந்து, எழுதிக் கொடுத்ததைப் பாடும் வோகலாய்டு என்ற மென்பொருளுக்கு வழி வகுத்தவர்களும் அவர்களே. இங்கும் பகிர்தலும் விற்றலும் ஒரே வீட்டில் வாழ்கின்றன.

நமக்கு நெருங்கிய செய்தி இனிமேல்தான் வருகிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கையில் செர்ரா 2011 முதல் 2017 வரை 'காம்ப்மியூசிக்' என்ற திட்டத்தை நடத்தினார். கணிப்பொறி இசையாய்வு முழுவதும் மேலைநாட்டு இசையை மனத்தில் கொண்டே வளர்ந்துவிட்டது, அதன் கருவிகள் பிற மரபுகளுக்குப் பொருந்தவில்லை என்பது அவர் கருத்து. ஆகவே கருநாடக இசை, இந்துஸ்தானி இசை, துருக்கிய மகாம், அரபு-ஆண்டலூசிய இசை, சீனத்தின் பெய்ஜிங் ஓபெரா ஆகிய ஐந்தையும் அவற்றின் போக்கிலேயே ஆராயத் திட்டமிட்டார். கருநாடக இசைக்கு சென்னை ஐ.ஐ.டி. பங்காளியாயிற்று, பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு அதில் ஈடுபட்டது.

கருவிகள் எங்கே பொருந்தவில்லை? 1983இல் வந்த மிடி என்ற பொது ஒழுங்கு, பியானோவின் கட்டைகளுக்கு எண் கொடுப்பது. ஒரு சுரம் என்றால் ஒரு கட்டை. அழுத்தினால் ஒலிக்கும், எடுத்தால் நிற்கும். தோடி ராகத்தின் காந்தாரத்தை எந்தக் கட்டையில் வைப்பது? அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்துகொண்டிருக்கிறதே தவிர, தனக்குரிய இடத்தில் தங்குவதே அரிது. நல்ல பாடகர் பாடிய தோடியை அளந்து, எந்த ஒலியுயரத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று வரைந்தால், சட்சமும் பஞ்சமமும் கூரிய சிகரங்களாக நிற்கும். காந்தாரமோ அகன்று பரந்த மேடாகத் தெரியும். மேலைநாட்டுக் கருவி அதைப் பிழை என்று கருதித் திருத்த முயலும். அந்த மேடுதான் தோடி. இப்பொருள் குறித்துப் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் இன்னொருவரும் சேர்ந்து 2012இல் அத்திட்டத்தின் பட்டறையில் கட்டுரை அளித்தனர். ஆய்வறிஞரின் மேசையில் பாடகருக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது.

அடிப்படைச் சுருதியைக் கண்டுபிடிப்பதே அவர்களுக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. மேலைநாட்டில் சுரங்களின் உயரம் பொதுவானது. நம் பாடகர் தம் குரலுக்கேற்ற கட்டையில் சட்சத்தை வைத்துக்கொள்கிறார். ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம். சட்சம் எது என்று தெரியாமல் பொறியால் வேறெதையும் சொல்ல முடியாது. பதிவில் பின்னணியில் இடைவிடாது மீட்டப்படும் தம்பூராவை அவர்கள் துப்பாகக் கொண்டனர். கச்சேரியில் யாரும் உற்றுக் கவனியாத தம்பூரா, பொறிக்கு வழிகாட்டியாயிற்று. ஆலாபனையில் திரும்பத் திரும்ப வந்து ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் பிடிகளைத் தேடியெடுத்தல், மிருதங்கச் சொற்களைப் பிரித்தறிதல், தாளத்தின் அட்சரத்தைப் பின்தொடர்தல் எனப் பிற ஆய்வுகளும் நடந்தன. திட்டத்தின் விளைவாகச் 'சாரகா' என்ற இசைத் தொகுப்பு ஆய்வுக்குத் திறந்துவைக்கப்பட்டது; அதில் கருநாடகக் கச்சேரிகள் பலவற்றில் குரல், வயலின், மிருதங்கம் என்று தனித்தனியே பிரித்துப் பதிந்த ஒலித்தடங்கள் உண்டு. இத்துறையின் உலக மாநாடுகளுள் ஒன்று 2022இல் பெங்களூருவில் கூடியது.

இங்கே நம் முன்னோர் இருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டி, சுருதி பற்றிய வாதங்களை அவையில் வைத்து, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். அறிவியல் பட்டதாரியும் தமிழ்ப் பேராசிரியருமான விபுலாநந்த அடிகள் கணக்கின் துணைகொண்டு பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். கணிப்பொறி இல்லாக் காலத்தில் அவர்கள் கேட்டவையும் ஒலியின் அளவு பற்றிய கேள்விகளே. தமிழாசிரியருக்கும் இசைக் கணக்குக்கும் என்ன உறவு என்று கேட்பவர்க்கு அடிகளாரின் பெயரே போதும்.

இனி நம் பதிவுகளுக்கு வருகிறேன். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என்று வகுப்பில் சொல்கிறோம். செப்பல் எப்படி இருக்கும் என்று மாணவி கேட்டால் ஓர் ஆசிரியர் ஒருவிதமாகவும் இன்னோர் ஆசிரியர் வேறுவிதமாகவும் படித்துக் காட்டுகிறார். தளையினால் ஓசை பிறக்கிறது என்ற இலக்கணக் கூற்று, படிப்பவர் குரலில் உண்மையிலேயே தெரிகிறதா? சீரின் இறுதியில் குரல் விழுகிறதா, நீள்கிறதா? புதுக்கவிதையை எழுதியவரே படிக்கும்போது வரி முறியும் இடத்தில் மூச்சு முறிகிறதா, அன்றி அச்சில் மட்டும் முறிவா? தோடியின் மேட்டை வரைந்து காட்டிய அதே கருவியால் இவற்றையும் வரைந்து பார்க்கலாம். நம் பதிவுகளில் ஒரே கவிதையை இருவர், மூவர் படித்தவை உள்ளன. எழுதியவரே சில ஆண்டு இடைவெளியில் மீண்டும் படித்தவையும் உள்ளன. இத்தகைய செல்வம் எளிதில் வாய்ப்பதன்று. ஆகவே கொடுக்கலாம் என்பதே என் கருத்து.

ஆயினும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட நான் இசையவில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

கடந்த சில ஆண்டுகளில் இத்துறை மாறிவிட்டது. விதி சொல்லிக் கொடுக்கும் காலமும், எக்காளம் ஏன் எக்காளம் என்று கேட்கும் காலமும் பின்தள்ளப்பட்டு, ஒலிக்குவியலை விழுங்கித் தானே கற்கும் பொறிகள் வந்துள்ளன. இர்காம் போன்ற ஆய்வகங்களும் இவ்வகையில் உழைத்துத் தம் நிரல்களை வெளியிடுகின்றன என்பது உண்மை. ஆனால் பெருந்தொகையும் பெரும்பொறியும் நிறுவனங்களின் கையில் உள்ளன. 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள், சொன்னவுடன் பாட்டுச் செய்து தரும் சூனோ, யூடியோ என்ற இரு நிறுவனங்கள்மீது, அனுமதியின்றித் தம் பாடல்களை விழுங்கக் கொடுத்துவிட்டதாக வழக்குத் தொடுத்தன. நிறுவனங்களுக்கு வழக்கறிஞர் உண்டு. கவிதை வட்டத்துக்கு?

நம் மொழியிலும் இது வந்துவிட்டது. 2024இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் பொறியின் வழி மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்றதாகவும் ஊதியம் அளித்ததாகவும் அவரே அறிவித்தார். அவ்வாண்டிலேயே, அதே ஆண்டு தொடக்கத்தில் மறைந்த பவதாரிணியின் குரலை அவர் தம்பி யுவன் சங்கர் ராஜா ஒரு படப்பாடலில் ஒலிக்கச் செய்தார். இவ்வகைப் பணியில் பொதுவாக உயிரோடிருக்கும் ஒருவர் பாடுவார். மறைந்தவரின் பழைய பதிவுகளிலிருந்து கற்ற பொறி, பாடியவரின் குரல்நிறத்தை எடுத்துவிட்டு மறைந்தவரின் நிறத்தை ஏற்றும். அதாவது மூச்சு ஒருவருடையது, மிடறு இன்னொருவருடையது. கேட்டுக் கண்கலங்கியவர்களைக் குறைகூறேன், நானும் கேட்டேன். ஆனால் இசைவு பெற்றோம் என்று ஒருவர் முன்வந்து சொன்னதால்தான் அது நமக்குத் தெரிகிறது. சொல்லாதவர்களைப் பற்றி நாம் எப்படி அறிவோம்?

நம் பதிவுகளில் இரண்டு குரல்கள் இன்று நம்மிடையே இல்லை. முதல் ஐந்தாண்டுக் கூட்டங்களைத் தம் வீட்டு முற்றத்தில் நடத்த இடந்தந்த பெரியவர் ஒருவர். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, அறுபது வயதுக்குமேல் எழுதத் தொடங்கிய அம்மையார் ஒருவர். பெரியவரின் பதிவு மட்டும் பல மணி நேரம் இருக்கும். எழுதாத கவிதையை அவர் குரலில் படிக்கவைக்க அத்தனை நேரம் வேண்டியதில்லை. அம்மையாருக்கு ஒலிபெருக்கி முன் கை நடுங்கும்; குரலும் சற்று நடுங்கும். அந்த நடுக்கம் இல்லாமல் அவர் கவிதையை என்னால் மனத்தில் கேட்க முடிவதில்லை. அது அவருடையது. அவர் எழுதாத ஒரு வரியின்மேல் அதை ஏற்ற எவர்க்கும் உரிமையில்லை.

ஆகவே செயற்குழுவிடம் நான் எழுதிக் கொடுத்திருப்பது இது. பதிவுகளை ஆய்வுக்குக் கொடுப்போம். குரலைப் போலச் செய்வதற்கும் பொறிக்குக் குரல் கற்பிப்பதற்கும் கொடுக்கமாட்டோம். இந்த வேறுபாட்டை அவர்கள் எழுத்தில் ஏற்க வேண்டும். வாய்ச்சொல் போதாது, மாணவர் படிப்பு முடித்துப் போவார், பேராசிரியர் ஓய்வு பெறுவார், பதிவு மட்டும் அங்கேயே இருக்கும். ஆய்வின் முடிவு எதுவாயினும் நம் வட்டத்துக்குத் தமிழில் தரப்பட வேண்டும். சவுனிங்கின் கட்டுரை போல் எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும். அதிலிருந்து விற்கத்தக்க ஒன்று பிறந்தால், விற்பதற்குமுன் மீண்டும் நம்மிடம் வர வேண்டும். உயிரோடிருக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியே இசைவோ மறுப்போ எழுதித் தரவேண்டும். மறுப்பவரின் பதிவைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் மற்றவற்றைக் கொடுப்போம். காரணம் கேட்கமாட்டோம்.

இந்நிபந்தனைகளை ஏற்காவிட்டால் ஆய்வுக்குழு வேறிடம் தேடிக்கொள்ளும் என்று ஓர் உறுப்பினர் அஞ்சுகிறார். தேடிக்கொள்ளட்டும். காம்ப்மியூசிக் திட்டத்தில் பாடகர்களை அழைத்து அமரவைத்துக் கேட்ட பின்புதான் தோடியின் காந்தாரம் அவர்களுக்குப் பிடிபட்டது. கவிதையின் ஓசையை ஆராய விழைவோர் கவிஞர்களைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அரங்கேற்று காதையில் ஆடலாசான், இசையாசான், குழலோன், யாழோன் ஆகியோருடன் இயற்றமிழ்ப் புலவனுக்கும் இளங்கோவடிகள் இடம் வைத்திருக்கிறார். ஆய்வகத்திலும் அந்த இடத்தைக் கேட்டு வாங்குவோம். பதிவைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்க வேண்டாம்.

இசைவுப் படிவங்களை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். பெரியவரின் மகனார் இந்த ஊரில்தான் இருக்கிறார். அவரைப் பார்த்துப் பேசச் செயலர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மையாரின் மகள் இப்போது கோவையில் இருப்பதாக அறிகிறேன். அவர்களோடு பழக்கமுள்ளவர் யாரேனும் அவையில் இருந்தால், விருந்துக்குப் போகுமுன் என்னை வந்து பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.